இயந்திர ரம்பம் வாங்குமுன் அரம் வாங்குங்கள்

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் விடியற்காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக நின்ற முந்திரித் தோப்புகள் சில மணி நேரத்தில் வேரோடு சாய்ந்தன. பலா மரங்களும் தப்பவில்லை. கோடரியும் கை ரம்பமும் மட்டும் அறிந்திருந்த எத்தனையோ கிராமங்களில், விழுந்த மரங்களை அப்புறப்படுத்த அந்தத் தை மாதத்தில்தான் மரம் அறுக்கும் மிஷின் முதன்முதலாக நுழைந்தது.

பத்து ஆள் பத்து நாள் செய்யும் வேலையை இரண்டு ஆள் இரண்டு நாளில் முடிப்பதைக் கண்ணால் கண்ட உழவர்களுக்கு, நாமும் ஒன்று வாங்கினால் என்ன என்ற எண்ணம் வந்ததில் வியப்பில்லை. பின்னர் விலையும் இறங்கியது. இன்று பெரிய கடைத்தெரு உள்ள எந்த ஊரிலும் இயந்திர ரம்பம் கிடைக்கிறது. கைபேசியில் கேட்டால் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது.

ஆனால் நான் போகும் கிராமங்களில் பரண் மேல் கிடக்கும் இயந்திர ரம்பங்களைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது. “ஓடவில்லையா?” என்று கேட்டால், “ஓடுகிறது ஐயா, அறுக்கத்தான் மாட்டேன் என்கிறது” என்பார்கள். எடுத்துப் பார்த்தால் சங்கிலியின் பற்கள் விரலில் உரசினாலும் கீறாத அளவுக்கு மழுங்கிப் போயிருக்கும். ஒரு முறையாவது அரம் போட்டீர்களா என்று கேட்டால், “அதற்கும் அரம் போட வேண்டுமா?” என்று திருப்பிக் கேட்பார்கள்.

அரிவாளைத் தீட்டாமல் அறுவடைக்குப் போகிறவர் நம் ஊரில் உண்டா? அப்படியிருக்க, பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ரம்பத்தை மட்டும் தீட்டாமல் ஓட்டுவது எப்படிச் சரியாகும்? இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கப் பத்துப் பேரை விசாரிக்கிறோம். அதைப் பராமரிக்க ஒருவரையும் விசாரிப்பதில்லை. அரம் பிடிக்கக் கற்றுக்கொள்ளாதவர் இயந்திர ரம்பம் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

எல்லாருக்கும் தேவையா?

சமையல் எரிவாயு வந்த பிறகும் சிற்றூர்களில் விறகின் தேவை நின்றுவிடவில்லை. வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், விசேஷ நாள்களில் பெரிய அடுப்பு மூட்டவும் விறகு வேண்டியிருக்கிறது. முந்திரிக் கவாத்தில் வரும் கிளைகள், வரப்பில் நிற்கும் வேம்பு, தரிசில் மண்டிய வேலிகாத்தான், சவுக்குக் கழிவு ஆகிய யாவும் வீட்டு விறகாகின்றன.

இதில் இரண்டு தனித்தனி வேலைகள் உள்ளன. நிற்கும் மரத்தைச் சாய்ப்பது ஒன்று. சாய்ந்த மரத்தை அடுப்புக்கேற்ற துண்டுகளாக்குவது மற்றொன்று. முதல் வேலை ஆண்டுக்கு ஓரிரு நாள்தான் வரும். ஆபத்து மிகுந்தது, பழக்கம் வேண்டுவது. அதற்குத் தேர்ந்த ஆளை அவருடைய இயந்திரத்தோடு கூலிக்கு அமர்த்துவதே சிக்கனம். இரண்டாவது வேலைக்கு மட்டும் சிறிய ரம்பம் ஒன்று வீட்டில் இருந்தால் போதும். அதற்கும் ஆண்டில் பத்து நாள்கூட வேலை இல்லாதவர் தனியாக வாங்க வேண்டியதில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். ஆனால் அதை ஓட்டுபவரும் பராமரிப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும். பல கை மாறும் இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்ற ஒருவருக்கும் நினைவிருக்காது. கூட்டாக வாங்கவும் வழியில்லாதவர் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலும் அருகிலுள்ள வாடகை மையத்திலும் விசாரித்துப் பார்க்கலாம்.

எதை வாங்குவது?

வீட்டு முற்றத்தில் வைத்து அறுப்பவர்களுக்கு மின்சார ரம்பமே ஏற்றது. பெட்ரோல் கலவை வேண்டாம், புகை இல்லை, கயிறு இழுத்துக் கை சலிக்க வேண்டாம். 1,600 முதல் 2,000 வாட் வரையுள்ள மோட்டாரும் 16 அங்குலப் ‘பாரும்’ வீட்டு விறகுக்குத் தாராளம். சங்கிலி ஓடும் நீண்ட தகட்டைத்தான் பார் என்கிறோம். மூன்று ஊசி கொண்ட கனமான பிளக்கும், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கொண்ட நீட்டிப்பு வயரும் பயன்படுத்த வேண்டும். மெல்லிய வயரில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறிக் கருகிவிடும். வீட்டு மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் உயிர்காப்பு சுவிட்ச் இருப்பது அவசியம். ஈரத்தில் ஓட்டக் கூடாது. பம்புசெட் இணைப்பிலிருந்து இதற்குக் கம்பி இழுக்கக் கூடாது. அந்த இலவச மின்சாரம் பாசனத்துக்கு மட்டுமே உரியது.

தோப்பிலேயே வைத்து அறுக்க வேண்டியவர்களுக்குத்தான் பெட்ரோல் ரம்பம். இங்கே ஒரு மயக்கம் உண்டு. 58 சி.சி. எஞ்சினும் 22 அங்குலப் பாரும் கொண்ட மலிவான ரம்பங்கள் சந்தையில் மிகுதி. விலை குறைவு, அளவு பெரிது என்று பலர் அதையே வாங்குகிறார்கள். நாம் அறுப்பதோ முக்கால் அடிக் கிளை. நீண்ட பார் கனம் கூடியது. அதன் நுனி எங்கே இருக்கிறது என்பது அறுப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும். நுனிதான் ஆபத்தான இடம். 35 முதல் 45 சி.சி. எஞ்சினும் 16 அங்குலப் பாரும் சிறு உழவருக்குப் போதும். அறுக்கும் கட்டையின் பருமனைவிடப் பார் சிறிது நீளமாக இருந்தால் போதும் என்பதே கணக்கு.

வாங்கும்போது நான்கு செய்திகளைக் கவனியுங்கள். முன்கைப்பிடிக்கு முன்னால் உள்ள காப்பைத் தள்ளினால் சங்கிலி நிற்கும் ‘செயின் பிரேக்’ வேலை செய்கிறதா? பின்பிடியை முழுக் கையால் பிடிக்காவிட்டால் விசை அழுந்தாமல் தடுக்கும் பூட்டு உள்ளதா? சங்கிலி அறுந்தால் பிடித்துக்கொள்ளும் கொக்கி அடியில் உள்ளதா? சங்கிலியும் பாரும் ஸ்பிராக்கெட்டும் உங்கள் ஊரிலோ பக்கத்து நகரத்திலோ தனியாகக் கிடைக்குமா? நான்காவது கேள்விக்கு “கிடைக்கும்” என்று கடைக்காரர் சொன்னால் போதாது. ஒரு சங்கிலியைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அரம் போடும் முறை

கூரான சங்கிலி தன்னைத் தானே மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். நாம் அழுத்த வேண்டியதில்லை. அறுக்கும்போது சீவல் சீவலாக மரம் வந்து விழ வேண்டும். மாவு போலத் தூள் வந்தாலும், அறுத்த இடம் புகைந்தாலும், ரம்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனாலும் சங்கிலி மழுங்கிவிட்டது என்று பொருள். அதற்கு மேலும் அழுத்தி அறுத்தால் எஞ்சினும் பாரும் தேயும், பெட்ரோல் வீணாகும், ஓட்டுபவர் களைத்துப் போவார். களைத்த கையில்தான் விபத்து நேர்கிறது.

அரம் போடுவது பெரிய வித்தை அல்ல. சங்கிலியின் அளவுக்கேற்ற உருண்டை அரம் வேண்டும். சிறு ரம்பங்களில் வரும் தாழ்ந்த பல் கொண்ட 3/8 அங்குலச் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் அரம். 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் அரம். எந்தச் சங்கிலி என்பது பாரின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அரத்தின் விலை ஒரு நாள் கூலியில் ஒரு சிறு பகுதிதான்.

முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். பெட்ரோல் ரம்பமானால் ஸ்பார்க் பிளக் வயரையும், மின்சார ரம்பமானால் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். கெட்டியான துணிக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பாரை ஒரு மரக்கட்டையில் இறுக்கி அசையாமல் வையுங்கள். பற்கள் இடம், வலம் என மாறி மாறி இருக்கும். மிகவும் தேய்ந்து குட்டையான பல் எதுவோ அதைத் தேடிப் பிடியுங்கள். அதுதான் அளவுகோல். பல்லின் மேல் தகட்டில் உள்ள கோட்டை ஒட்டி, பெரும்பாலும் 30 பாகைச் சாய்வில், பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக அரத்தைத் தள்ளுங்கள். திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் அரமும் கெடும், பல்லும் கெடும். முதல் பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று தள்ளுதான். ஒரு பக்கத்துப் பற்களை முடித்த பிறகு மறுபக்கம் திரும்பி நின்று மற்றவற்றை முடியுங்கள். எல்லாப் பல்லும் குட்டைப் பல்லின் நீளத்துக்கு வர வேண்டும். இரு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் ரம்பம் கோணலாக அறுக்கும்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சிறு திமில் போல ஒன்று உயர்ந்திருக்கும். பல் மரத்தில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். பல்லைவிடச் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்து அது இருக்க வேண்டும். பல் தேயத் தேயத் திமிலையும் தட்டை அரத்தால் சற்றே தேய்க்க வேண்டும். இதற்கென்று தகட்டு அளவி கடையில் கிடைக்கிறது. கண் மதிப்பில் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் சங்கிலி மரத்தை ஆவேசமாகக் கடித்து, கையை உலுக்கி எகிறும். ஆகவே இதில் மட்டும் அளவி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

அரம் போடும் வேலையைக் குறைக்கவும் வழியுண்டு. ஓடும் சங்கிலி நம் செம்மண்ணில் ஒரு நொடி உரசினாலும் பல் மழுங்கும். எனவே கட்டையைத் தரையில் கிடத்தி அறுக்காதீர்கள். கவைக் கம்புகளைப் பெருக்கல் குறி போலக் கட்டி, அவற்றின் மேல் கட்டையை ஏற்றி வைத்து அறுங்கள். வேலி மரத்தில் ஆணியும் முள்கம்பியும் பட்டைக்குள் மறைந்திருக்கும். முதலில் தடவிப் பாருங்கள். தென்னை, பனை வகைகள் சங்கிலியை வெகு விரைவில் மழுங்கச் செய்பவை. 2018 நவம்பர் 16-இல் வீசிய ‘கஜா’ புயலுக்குப் பின் டெல்டா மாவட்டங்களில் தென்னை அறுத்தவர்களைக் கேட்டால் இதைச் சொல்வார்கள். பனையைப் பொறுத்தவரை வெட்டும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என 2021-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்திருக்கிறது.

கழிவு எண்ணெய் வேண்டாம்

பெட்ரோல் ரம்பத்தில் இரண்டு தொட்டிகள் உண்டு. ஒன்று பெட்ரோலுக்கு, மற்றொன்று சங்கிலிக்கு ஊட்டும் எண்ணெய்க்கு. மின்சார ரம்பத்திலும் இந்த எண்ணெய்த் தொட்டி இருக்கும். டிராக்டரிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை இதில் ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் இரும்புத் துகள் கலந்திருக்கும். பாரின் காடியையும் எண்ணெய்ப் பம்பையும் அது அரித்துவிடும். சுழலும் சங்கிலி அதை உங்கள் கை மேலும் முகத்தின் மேலும் தெளித்துக்கொண்டே இருக்கும். தோலில் தொடர்ந்து படும் கழிவு எண்ணெய் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். சங்கிலி எண்ணெய் கிடைக்காத நாளில் எஸ்.ஏ.இ. 30 எண் கொண்ட புதிய எஞ்சின் எண்ணெயைத் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் இந்த எண்ணெயையும் நிரப்புங்கள். எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, வெளுத்த கட்டை ஒன்றுக்கு மேலே, அதில் படாமல், ஓடும் ரம்பத்தின் நுனியைக் காட்டுங்கள். கட்டையில் கோடு போல எண்ணெய் தெறித்தால் சரி. இல்லையென்றால் துவாரம் அடைத்திருக்கிறது. முந்திரி மரம் பிசின் விடும் மரம். தூளும் பிசினும் சேர்ந்து காடியை அடைக்கும். வேலை முடிந்ததும் பாரைக் கழற்றிக் காடியைச் சுரண்டித் துடையுங்கள். மறுமுறை மாட்டும்போது தலைகீழாகத் திருப்பி மாட்டினால் பார் இரு பக்கமும் சமமாகத் தேயும்.

சங்கிலியின் இறுக்கமும் முக்கியம். எஞ்சின் ஆறியிருக்கும்போது சங்கிலி பாரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும். அதே சமயம் கையால் இழுத்தால் தடையின்றி நகர வேண்டும். புதுச் சங்கிலி நீளும். முதல் சில நிமிட வேலைக்குப் பின் நிறுத்திப் பார்த்து இறுக்குங்கள். சூட்டில் இறுக்கிய சங்கிலியை வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். குளிர்ந்து சுருங்கும்போது அது எஞ்சினின் தண்டை இழுக்கும்.

பெட்ரோலில் கவனம்

இவ்வகை எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய் கிடையாது. பெட்ரோலில் கலந்துதான் ஊற்ற வேண்டும். கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி ‘டூ-டி’ எண்ணெய். 25:1 என்றிருந்தால் 40 மில்லி. மோட்டார் சைக்கிளிலிருந்து பிடித்த வெறும் பெட்ரோலை மகன் ஊற்றிவிட, ஒரே நாளில் எஞ்சின் இறுகிப் போன வீடு ஒன்றை நான் அறிவேன். அந்த வீட்டார் இன்னும் கடன் கட்டி முடிக்கவில்லை. கலவைக் கேனில் பெரிய எழுத்தில் எழுதி, தனியாக வையுங்கள்.

இன்று இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2025-இல் நாடெங்கும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. பல ரம்பங்களின் கையேடுகள் 10 சதவீதம் வரைதான் ஏற்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நாள்பட்டால் ரப்பர்க் குழாயையும் கார்புரேட்டரின் சவ்வையும் கெடுக்கும். வாங்கும்போதே கையேட்டைப் பாருங்கள். ஒரு வாரத் தேவைக்கு மேல் கலவை தயாரிக்காதீர்கள். வேலைக் காலம் முடிந்ததும் தொட்டியை வடித்துவிட்டு, மிச்சம் தீரும்வரை எஞ்சினை ஓட்டி நிறுத்திய பிறகே உள்ளே வையுங்கள். காற்று வடிகட்டியை நாள்தோறும் தட்டித் துடையுங்கள்.

முந்திரித் தோப்பில்

கூரான ரம்பத்தால் விறகு மட்டுமல்ல, மரத்துக்கும் நன்மை உண்டு. வயதாகிக் காய்ப்புக் குறைந்த முந்திரி மரத்தைத் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் அறுத்து, வரும் புதுத் தளிரில் உயர்விளைச்சல் இரகத்தை ஒட்டுக் கட்டிப் புதுப்பிக்கலாம். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் 1991-இல் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 போன்ற இரகங்கள் இதற்கு உதவும். கோடரியால் வெட்டினால் அடிமரம் பிளந்து, பட்டை கிழிந்து, பூசணமும் தண்டுத் துளைப்பானும் நுழைய வழியாகிறது. ரம்பத்தால் சற்றே சாய்வாகவும் வழவழப்பாகவும் அறுத்தால் நீர் வழிந்தோடும், காயமும் சீக்கிரம் ஆறும். அறுத்த இடத்தில் போர்டோ பசை பூச வேண்டும். மயில் துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது அளவு.

துளைப்பான் தாக்கி இறந்த மரத்தின் விறகைத் தோப்பிலேயே அடுக்கி வைக்காதீர்கள். உள்ளிருக்கும் புழு வண்டாகி அடுத்த மரத்துக்குப் போகும். அந்த விறகை முதலில் எரித்துத் தீர்க்க வேண்டும். நல்ல விறகைத் தை, மாசியில் அறுத்துச் சித்திரை வெயிலில் காயவிட்டு, ஐப்பசி மழைக்கு முன் கூரைக்கடியில் அடுக்கினால் புகையின்றி எரியும்.

உயிர் பெரிது

தானே புயலுக்குப் பின் ஒரு தோப்பில் கண்ட காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. இருபத்தைந்து வயது இளைஞர், லுங்கியை மடித்துக் கட்டி, வெறுங்காலுடன், சாய்ந்து கிடந்த முந்திரிக் கிளையை அறுத்தார். வளைந்து விறைத்து நின்ற கிளை அறுபட்டதும் வில் போல நிமிர்ந்து ரம்பத்தைத் தள்ளியது. தொடையில் விழுந்த வெட்டு எலும்புவரை போயிற்று. உயிர் பிழைத்தார். ஆனால் அதன் பிறகு ஏர் பின்னால் நடக்க அவரால் முடியவில்லை.

விழுந்த மரத்தில் எந்தப் பக்கம் அமுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அமுங்கிய பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். வேரோடு பெயர்ந்த மரத்தை அறுக்கும்போது வேர்மண்டு சடாரெனத் திரும்பி நிமிரலாம். அதன் பின்புறம் ஒருவரும் நிற்கக் கூடாது.

பார் நுனியின் மேல் பாகம் எதிலாவது பட்டால் ரம்பம் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். எப்போதும் இரு கையாலும் பிடியுங்கள். இடது கைப் பெருவிரல் பிடியைச் சுற்றியிருக்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்காதீர்கள். ஏணியிலோ மரக்கிளையிலோ நின்று அறுக்காதீர்கள். பெட்ரோல் ரம்பத்தைத் தரையில் வைத்து, பின்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு கிளப்புங்கள். பெட்ரோலை எஞ்சின் ஆறிய பிறகு ஊற்றி, அந்த இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப் போய்க் கிளப்ப வேண்டும். பக்கத்தில் பீடி கூடாது.

லுங்கியும் தோள் துண்டும் இந்த வேலைக்கு ஆகாது. கால்சட்டை, தோல் காலணி, தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு ஆகியவை வேண்டும். தொடைக்குக் கட்டும் காப்பு உறையும் கிடைக்கிறது. தனியாக ஒருபோதும் அறுக்காதீர்கள். கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். குழந்தைகளும் ஆடு மாடுகளும் அருகில் வரக் கூடாது.

இத்தனையும் சொல்வது அச்சுறுத்த அல்ல. உழைப்பைக் குறைக்கும் கருவி நம் உழவருக்கு வேண்டும். ஆனால் கருவி கூடுதலாக வேலை செய்யும்போது நம் கவனமும் கூடுதலாக வேண்டும். ரம்பம் வாங்க ஒதுக்கிய பணத்தில் முதலில் இரண்டு உருண்டை அரம், ஒரு தட்டை அரம், ஓர் அளவி, கண்ணாடி, காலணி வாங்குங்கள். தெரிந்தவர் ஒருவரிடம் அரைநாள் உட்கார்ந்து அரம் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்துக்கு எந்த ரம்பம் வருமோ, அதுவே உங்களுக்கேற்ற ரம்பம்.